வடிகால் அடைத்திருப்பதாகத் தெரிவிக்கப்படுகிறது

"எறங்குங்கப்பா, பயிரு மூச்சு முட்டிக் கெடக்குது…"

"யாரும் எறங்கக் கூடாது! மெயில் போயிடுச்சு…"

"மெயிலு போகட்டும் தம்பி, நேத்து வரைக்கும் நுனியாவது தெரிஞ்சுச்சு, இன்னைக்கு அதுவும்…"

"அண்ணி! ஒரு நிமிஷம் என்னைப் பேச விடுங்க!"

வடிகால் கரையில் தலைக்கட்டுக்கு ஒருவராகப் பதினேழு பேர் அரிவாளோடு நின்றார்கள். வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் அடைத்துக் கிடந்தது. அதற்கு மேற்கே காத்தாயியின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், சம்பா நடவு மூன்று நாள் மழைத்தண்ணீருக்கு அடியில் இருந்தது. மற்றவர்கள் வயல் மேட்டில். பள்ளத்தில் இருந்தது அவளுடையது மட்டும்தான்.

மூழ்கிய பயிரைக் காப்பாற்ற உலகத்தில் இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, தண்ணீரை வடிப்பது. அரிவாளும் இடுப்பளவு சேறும் வேண்டிய இந்த முறையைக் கற்காலம் முதல் கையாண்டு வருகிறார்கள். மற்றொன்று, தண்ணீர் நிற்பதாகத் தெரிவிப்பது. நாகரிகம் என்பது இதுதான். இந்த உண்மையை முதலில் உணர்ந்தவர் காத்தாயியின் கொழுந்தனார் பரிதி.

பரிதி திருச்சியில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தபால் பிரிவில் இருந்தவர். உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் எல்லாக் கடிதங்களையும் படித்தார். எந்தக் கடிதமானாலும் 'டு' என்று தொடங்கி, ஒரு வினையைத் தொட்டுக்கொண்டு, 'தட்' என்று போய் நிற்பதைக் கண்டார். டு இன்ஃபார்ம் தட். டு ஸ்டேட் தட். டு அஷ்யூர் தட். 'தட்'டுக்கு அப்புறம் என்ன வந்தாலும் வராவிட்டாலும் கடிதத்தின் கம்பீரம் குறையவில்லை. அந்த ஞானத்தோடு திருவாரூரில் ஒரு செல்போன் கடை மாடியில் 'பரிதி இங்கிலீஷ் அகாடமி'யைத் திறந்தார். நாற்பது நாளில் நா புரளும் என்று பலகையில் எழுதியிருந்தது.

புரளவும் செய்தது. சுடர்விழி என்ற மாணவி பேருந்தில் ஏறி, "ஐ ஆம் டு ஸ்டேட் தட் ஐ வான்ட் முத்துப்பேட்டை" என்றாள். கண்டக்டர் அவளைச் செக்கிங் அதிகாரி என்று பயந்து எழுந்து நின்று டிக்கெட் கொடுத்தார். அதைவிட ஓர் அகாடமிக்கு என்ன சான்று வேண்டும்?

பரிதி அன்றாட வாழ்விலும் கொள்கை தவறாதவர். ஊர் முக்கத்து டீக்கடையில் ஒருநாள், "ஐ ஆம் டு இன்ஃபார்ம் தட் டீயில் சர்க்கரை இல்லை" என்றார்.

கடைக்கார யூனுஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் இன்ஃபார்ம் பண்ணிட்டீங்கல்ல, குடிங்க."

இப்படிப்பட்டவர் கையில்தான் ஊர் இப்போது சிக்கியிருந்தது. மன்னிக்கவும், கிடைத்திருந்தது.

"எல்லாரும் நல்லாக் கேளுங்க," என்றார் பரிதி. "'வடிகால் அடைத்திருக்கிறது என்று தெரிவிக்க' அப்படின்னு இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதி பொதுப்பணித்துறை ஆபீசுக்கு அனுப்பியிருக்கேன். நாளைக்கு அதிகாரி வருவாங்க. வந்து பாக்குறப்ப வாய்க்கா சுத்தமா ஓடிச்சுன்னா?"

"ஓடுனா நல்லதுதானே?" என்றார் யூனுஸ்.

"நல்லதா? என் கடுதாசி பொய்யாயிடும்! பொய் மனு குடுத்த ஊருன்னு ஃபைல்ல ஏறிடும். அப்பறம் நாளைக்கு ரோடு கேட்டாலும் கெடைக்காது, பாலம் கேட்டாலும் கெடைக்காது."

பதினேழு பேரும் அரிவாளைப் பார்த்தார்கள். பிறகு வாய்க்காலைப் பார்த்தார்கள். மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு ஒருவர் இறங்கி ஒரு பகலில் வெட்டிப்போடுவது அந்த ஊர் வழக்கம். இடுப்பளவு சேற்றில் நிற்பது யாருக்குமே பிடித்ததில்லை. இறங்காமலிருக்க ஓர் உயர்ந்த காரணம் இதுவரை கிடைக்காததால்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று கிடைத்துவிட்டது. அரிவாள்கள் கீழே இறங்கின.

"பயிரு ஒரு வாரந்தான் தாங்கும் தம்பி," என்றாள் காத்தாயி. "இன்னைக்கு மூணாவது நாளு."

"ரெண்டே நாள் அண்ணி. நான் பொறுப்பு."

அன்று மாலையே 'அடைப்புப் பாதுகாப்புக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. அதிகாரி வரும்வரை ஆகாயத்தாமரை கலையாமல் காப்பது அதன் தலையாய கடமை. தலைவராகச் சாமிதுரை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாமிதுரைக்கு இரண்டு மாடுகள். அவை கரையோரம் செடியை மேய்ந்து சாட்சியத்தைக் கலைப்பதாகக் குழுவின் முதல் கூட்டத்தில் கண்டிக்கப்பட்டது. தலைவர் தம் மாடுகளைத் தாமே பிடித்துக் கட்டினார்.

நாலாம் நாள் காலை காத்தாயி யாரிடமும் சொல்லாமல் தனியாக இறங்கினாள். ஒருத்தி கையால் ஒரு ஓரம்தான் வெட்ட முடிந்தது. குழு ஓடிவந்து அவளை மரியாதையோடு கரையேற்றியது. வெட்டிய செடியை எடுத்து மறுபடி அதே இடத்தில் போட்டது.

அன்று மதியம் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பரிதி செல்போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐ ஆம் டு இன்ஃபார்ம் தட்! அவர் 'தட்'டுக்கு அவர்களும் 'தட்' போட்டிருந்தார்கள்.

"என்ன தம்பி சொல்றாங்க?"

"கெடச்சிடுச்சுன்னு தெரிவிச்சிருக்காங்க அண்ணி."

"வழியா?"

"கடுதாசி."

பரிதி உடனே டு அக்னாலட்ஜ் தட் என்று அவர்கள் பதில் கிடைத்ததைத் தெரிவித்தார். ஆறாம் நாள் டு அஷ்யூர் தட் வந்தது. விஷயம் கவனத்தில் இருக்கிறதென்று உறுதியளிக்கப்பட்டது. பரிதி அதை அச்செடுத்து அகாடமிச் சுவரில் மாட்டினார். இரண்டு பக்கமும் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்ட வெள்ளம் டெல்டாவில் இதற்கு முன் வந்ததில்லை. தண்ணீர் மட்டும் மரியாதை தெரியாமல் அப்படியே நின்றது.

எட்டாம் நாள் பொறியாளர் வந்தார். எழில்மொழி என்று பெயர். சின்ன வயது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஜீப்பிலிருந்து இறங்கியவர் வாய்க்காலைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னங்க இது, இப்படி அடைச்சுக் கெடக்கு?"

"அதைத்தாங்க மேடம் தெரிவிச்சிருந்தேன்," என்று பரிதி முன்னால் வந்தார்.

"அந்த இங்கிலீஷ் மெயில் நீங்க போட்டதா? அய்யோ. அந்த மாதிரி இங்கிலீஷ் எங்களுக்கு மேலேருந்து மட்டுந்தாங்க வரும். யாரோ பெரிய அதிகாரி தகவல் சொல்றாருன்னு நெனச்சோம். பயந்துபோய் பதில் போட்டு, மேல அனுப்பிவிட்டுட்டோம்."

"எல்லாந்தான் எழுதியிருந்தேனே?"

"அடைச்சிருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஆள் அனுப்புங்கன்னு எங்கயுமே கேக்கலையே?"

பரிதி வாயைத் திறந்தார். அவருடைய எல்லா வாக்கியங்களும் வரிசையாக வந்து நின்றன. கேட்கிற வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

"இன்னைக்கு வேற வேலையா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார் எழில்மொழி. "சரி, இந்த ஊர்ல வருஷா வருஷம் நீங்களே வெட்டிடுவீங்கன்னு வாய்க்கா காவல் பாக்குற லஸ்கர் சொன்னாரே. இந்த வருஷம் என்ன ஆச்சு?"

பதினேழு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். மழை விட்டு நன்றாகவே வெளுத்திருந்தது.

யூனுஸ்தான் முதலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே மற்றவர்கள் இறங்கினார்கள். குழுத் தலைவர் சாமிதுரை மற்ற எல்லாரையும்விட வேகமாக வெட்டினார். மதியத்துக்குள் வடிகால் வாய் திறந்தது. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு கிழக்கே ஓடியது. பொழுது சாய்வதற்குள் வயல் வெளியே வந்தது.

காத்தாயி இறங்கி ஒரு பயிர்க் குத்தைப் பிடித்து இழுத்தாள். வேரில்லாமல் கையோடு வந்தது. பழுப்பாக, வழவழவென்று இருந்தது. பக்கத்துக் குத்தை இழுத்தாள். அதுவும் அப்படித்தான். வயல் நடுவில் போய் இழுத்தாள். மறுநடவு நட நாற்றும் இல்லை, பருவமும் இல்லை.

பரிதி வரப்பில் நின்றார். கடமை என்று ஒன்று இருக்கிறதே! செல்போனை எடுத்து அங்கேயே தட்டினார். வாழ்நாளில் அவர் எழுதியதிலேயே அழகான வாக்கியம் அதுதான். டு ரெக்ரெட் தட்.

"அண்ணி, நிவாரணத்துக்கு எழுதிட்டேன். தமிழ்ல சொல்றேன், கேளுங்க. 'ஆறு மா சம்பாப் பயிர் முற்றிலும் அழுகிவிட்டது என்று மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது.'"

காத்தாயி சேற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

"அழுகிட்டதுன்னு இருக்கு, சரி. அழுக விட்டது யாருன்னு எந்த வரியில தம்பி வருது?"