எட்டு முழம் அதிகம்

வலது ஸ்பீக்கர் மறுபடியும் முனகியது. வேதகிரி பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து, வயரைக் கையால் முழம் போட்டு அளந்தார். இடது ஸ்பீக்கருக்கு ஆறு முழம். வலதுக்குப் பதினாலு.

"இதான் சங்கதி. எட்டு முழம் அதிகம். சத்தம் அவ்ளோ தூரம் நடந்து வர்றதுக்குள்ள களைச்சிப் போவுது."

உத்திரமேரூரில் அரிசி மில்லில் முப்பது வருஷம் மெஷின் பக்கத்திலேயே நின்றவர். சத்தத்தை வைத்தே தவிடு எப்படி விழுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை யாரும் குறை சொல்ல முடியாது.

பாட்டு செட்டு, மகன் தினேஷ்குமார் வாங்கித் தந்தது. மாட்டிய அன்று மனைவி கனகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒண்ண சமையல்கட்டு வாசலுக்கு மேல மாட்டுங்க. சமைச்சிக்கினே கேப்பேன்."

அதனால்தான் வலதுக்கு நீள வயர்.

வேதகிரி முதலில் இடதுக்கும் பதினாலு முழம் போட்டார். மிச்சம் தரையில் சுருண்டு கிடந்தது. மறுநாள் சாம்பார் குண்டானோடு வந்த கனகாவின் கால் அதில் மாட்டியது. சாம்பார் வாசல்வரை ஓடியது.

"பார்த்து வரக்கூடாதா?" என்றார் வேதகிரி.

"இன்னாங்க, வூட்ல நடக்கிறதா, தாண்டறதா?"

வலது அப்போதும் முனகியது.

இரண்டு வயரையும் ஆறு முழமாக வெட்டினார். வலது ஸ்பீக்கர் சமையல்கட்டு வாசலை விட்டு இறங்கி டிவி பக்கம் வந்தது. கனகா வெறும் சுவரைப் பார்த்தாள். கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கிவிடும்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

முனகல் நிற்கவில்லை. மூன்று முழமாக வெட்டினார். பிறகு ஒன்று. கடைசியில் இரண்டு ஸ்பீக்கரும் நிச்சயதார்த்தப் போட்டோவில் நிற்பதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றன. அப்போதும் வலதுதான் முனகியது.

அதற்குப் பிறகு கனகாவின் குரலே கேட்கவில்லை. வலப்பக்கம் வந்து தோசை வைப்பாள்; போய்விடுவாள். வேதகிரி குற்றவாளிபோல் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. பாட்டோடு சேர்ந்து அவள் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. வயரோடு அதையும் அல்லவா வெட்டிவிட்டோம்!

மூன்றாம் நாள் ஒரு சீட்டு எழுதி, டம்ளருக்கு அடியில் வைத்தார். 'கனகா, வயரை வெட்டியது என் தவறு. பழையபடி மாட்டித் தருகிறேன். ஒரு வார்த்தை பேசு.'

சீட்டு காணாமல் போனது. பதில் வரவில்லை.

மறுநாள் இன்னொரு சீட்டு. 'தவறு' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அதற்கும் பதில் இல்லை.

ஐந்தாம் நாள் எலக்ட்ரீஷியன் தாமோதரன் புது வயரோடு வந்தான். பாட்டைப் போட்டுக் கேட்டான்.

"ரெண்டும் ஒரே சத்தம்தாண்ணே."

"வலது முனகுது, பாரு."

வயரை மாற்றிச் செருகினான். "இப்ப?"

"வலதுதான்."

ஸ்பீக்கர் பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தான். "இப்ப?"

"இப்பவும் வலதுதாம்பா."

தாமோதரன் பாட்டை நிறுத்தினான். "ஆறு முழமோ பதினாலு முழமோ, வூட்டுக்குள்ள ஒண்ணும் ஆவாதுண்ணே. எதுக்கு வெட்டின?"

"புத்தி கெட்டு வெட்டிட்டேன். முனகினா முனகட்டும். அவ வாசலுக்கே மாட்டிடு. அஞ்சு நாளா ஒரு வார்த்தை பேசலப்பா. வெறும் வூட்ல உக்காந்துனு கீற மாதிரி கீது."

தாமோதரன் சமையல்கட்டு வாசலைப் பார்த்தான். பிறகு வேதகிரியைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"வயரை வுடுண்ணே. நான் வந்ததிலேர்ந்து அண்ணி உன் வலது பக்கம், வாசல்ல நின்னுகினு, 'போனா போவுது, வந்து காப்பி குடிங்க'ன்னு நாலு வாட்டி சொல்லிட்டாங்க!"