மூச்சை அடக்கியும் கலங்கிய படம்

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம். உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நீ அனுப்பிய டிஜிட்டல் கேமரா மட்டும் சுகமில்லை. நாளைக்கே பார்சலில் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அக்கா வெள்ளிக்கிழமையோடு நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். வெள்ளைச் சீருடையில், வார்டு வாசலில், கடைசியாக ஒரு படம் பிடித்துக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. மாலையில் சீருடையை ஒப்படைத்துவிட வேண்டும். விட்டால் பிடிக்க முடியாது.

படம் கலங்காமலிருக்க நீ போனில் சொன்ன யோசனைகளை எல்லாம் செய்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தேன். திரையில் பார்த்தால் கலங்கல், அழித்தேன். சுவரில் சாய் என்றாய், சாய்ந்தேன். அது சுவரில்லை, மருந்து வண்டி. நான் சாய, அது உருள, இருவருமாக எக்ஸ்ரே அறை வரை போய் வந்தோம். பட்டனை நோகாமல் அழுத்து என்றாய். ஆயுசெல்லாம் பஸ்ஸில் பிரேக்கை மிதித்தவனுக்கு நோகாமல் அழுத்த வருமா? வரவழைத்தேன். அதுவும் கலங்கல், அதையும் அழித்தேன். இளம் நர்ஸுகள், "எங்களுக்கும் காட்டுங்க சார்" என்று சுற்றி வந்தார்கள். மானம் போகும் என்று காட்டவில்லை. கடைசியாக, மூச்சை அடக்கு என்றாயே, யார் அடக்க வேண்டும் என்று சொன்னாயா? எதற்கு வம்பு என்று, "எல்லாரும் மூச்சைப் புடிங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். கட்டிலில் கிடந்த நோயாளிகள்கூடப் பிடித்துக்கொண்டார்கள். உன் அக்கா பதறிப்போய், "எல்லாரும் மூச்சு விடுங்க! ஏங்க, இத்தனை வருஷம் இவங்களை மூச்சு விட வைக்கத்தானே நான் பாடுபட்டேன்!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பட்டன் அழுந்திவிட்டது. அதுவும் கலங்கல்தான். அழிப்பதற்குள் பேட்டரி உயிரை விட்டது.

போன வாரம்தான், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இருவரும் ஒரே மாதிரி ஃபிரேமில் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறோம். அதைப் போட்டுப் பார்த்துமா கலங்கும்? கேமராவைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். காலம் கெட்டுக்கிடக்கிறது, செய்தித்தாளில் அச்சுக்கூடச் சரியில்லை என்று உன் அக்கா தினமும் பேப்பர்காரரோடு சண்டை.

சீருடையைக் கொடுத்துவிட்டு வந்தவள், நான் முன்கூட்டியே அடித்து வைத்த ஆணியைப் பார்த்து, "பரவாயில்லைங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை.

குழந்தைகளுக்கு எங்கள் அன்பு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ்க.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: பார்சலை எதிர்பார்க்காதே. இந்த உறையை ஒட்டப் போகும்போது இருவரும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தோம். திரும்ப எடுத்தபோது மாறிவிட்டது போலிருக்கிறது. "ஏங்க, இன்னைக்கு அச்சு நல்லா இருக்கே!" என்றாள், பேப்பரைப் பிரித்த உன் அக்கா. எனக்குத் திக்கென்றது. ஒரு வாரமாக என் கண்ணாடி அவள் மூக்கில், அவளுடையது என் மூக்கில்! சார்ஜ் ஏற்றி, மிச்சமிருந்த ஒரே படத்தைத் திறந்தோம். சீருடையின் தையல்கூடத் தெரிகிறது. பின்னால் கட்டில் கட்டிலாகக் கன்னங்கள் உப்பியிருக்க, உன் அக்கா கையை வீசி ஊருக்கே மூச்சு விட உத்தரவு போடுகிறாள். "இதுதாங்க நான்" என்று, அந்த ஆணியில் இதையே மாட்டச் சொல்லிவிட்டாள். நான் அழித்ததும் எல்லாம் நல்ல படங்கள்தான் என்று அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. நீ போனில் பேசும்போது தயவுசெய்து மூச்சு விடாதே.