பதினோராம் நம்பர் ஜெர்சி

கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு என்றொரு பதவி உண்டு. பந்தைத் தட்டிக்கொண்டே எதிரணிக்குள் புகுந்து, கூடைக்குக் கீழே நிற்கிற நெட்டையன் கையில் அதைச் சேர்ப்பிப்பது அவன் கடமை. நெட்டையன் போடுவான், கூட்டம் கைதட்டும். பந்தியில் பரிமாறுகிறவன் பசியோடு நிற்பதுபோல இவன் நிற்க வேண்டியதுதான். செம்பாக்கம் யாசீனின் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். வேறு பதவிக்கு அவனை யாரும் அழைக்கவும் இல்லை.

பள்ளியில் மூன்று வருஷம் அவன் கொடுத்த பந்தையெல்லாம் கூடையில் போட்டவன் ஹேமநாத். கேம்ப் ரோட்டில் மீன் விற்கிற முத்தாலம்மாளின் மகன், ஆறடி இரண்டங்குலம். இப்போது இருவருக்கும் ஒரே கல்லூரியில், விளையாட்டு ஒதுக்கீட்டில் இருக்கிற ஒரே ஓர் இடம் வேண்டும். கிடைத்தால் ஃபீஸ் இல்லை. கிடைக்காவிட்டால் படிப்பே இல்லை. யாசீன் தன் அத்தா உஸ்மானின் ஏசி ரிப்பேர் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கேயும் எடுத்துக் கொடுக்கிற வேலைதான்!

நேர்காணலுக்குப் போகும்போதே தன் கதை முடிந்தது என்றுதான் யாசீன் நினைத்தான். ஸ்கோர் ஷீட்டில் பாயிண்டை எழுதுவார்கள், ஃபவுலை எழுதுவார்கள். பந்து எடுத்துக் கொடுத்ததை எந்த மகராசனும் எழுதுவதில்லை. மூன்று வருஷத்துத் தாள்களைக் கூட்டினால் யாசீனின் பாயிண்ட் பதினாலு. ஃபவுல் தொண்ணூற்றொன்று. குள்ளன் நெட்டையனைத் தடுக்கப் போனால் கை வயிற்றில்தான் படும். நடுவர்களுக்கு அது விளங்குவதில்லை.

முதலில் உள்ளே போன ஹேமநாத் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"தெர்ல மச்சான். 'தெளிவுரை தேவை'ன்னு எழுதி வெச்சுகினாங்கோ. ஒரே பேஜாரா கீது."

அடுத்து யாசீன். தேர்வுக் குழு என்பது இருவர்: உடற்கல்வி இயக்குநர் ஜெபகுமார், கண்காணிப்பாளர் சாமுண்டீஸ்வரி.

"பதினாலு பாயிண்ட்தானா தம்பி?" என்றார் ஜெபகுமார்.

"சார், நான் பாயிண்ட் கார்டு..."

"அதை விடுங்க சார்," என்றார் சாமுண்டீஸ்வரி. "பாயிண்டே செல்லாது. பாயிண்டுக்குப் பக்கத்துல ஜெர்சி நம்பர்தான் போட்டிருக்கு. ஜெர்சி பள்ளிக்கூடத்துச் சொத்து. துவைச்சுக் காயப்போட்டா யார் வேணாலும் எடுத்து மாட்டிக்கலாம்."

"அப்போ எதைத்தான் மேடம் பார்க்கிறது?" என்றார் ஜெபகுமார்.

"ஃபவுல். அதை மட்டும்தான் பேருக்கு நேரா கட்டம் போட்டு எழுதியிருக்காங்க. மேற்படி விண்ணப்பதாரர் களத்துல இருந்தார்ங்கிறதுக்குத் தொண்ணூத்தோரு ஆதாரம் இருக்கு!"

"முன்னாடி வந்த பையன்?"

"நானூத்திப் பன்னெண்டு பாயிண்ட். எல்லாம் பதினோராம் நம்பர் ஜெர்சி போட்டது. அந்தப் பையன் பேர்ல ஒரு ஃபவுல்கூட இல்ல. களத்துக்கே வந்தானோ என்னமோ."

யாசீனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது சந்தோஷம்தான் என்று தெரிந்தபோது வெட்கமாகவும் இருந்தது.

ஜெபகுமார் நியாயஸ்தர். ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினார். "நீயும் அதே ஸ்கூல்தானே? பதினோராம் நம்பர் அந்தப் பையன்தான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. சக வீரரின் சான்றுரை செல்லும். அவன் ஃபைல் மேல போயிடும்."

"அப்போ நான் சார்?"

"நீ ரெண்டாவது."

"சீட்டு?"

"ஒண்ணுதான்."

நானூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் யாசீன் கையிலிருந்து போனவை. பதினோராம் நம்பர் யாரென்று அவனைவிடத் தெரிந்தவன் யார்? கை பழக்கதோஷத்தில் பேனா வரைக்கும் போய்விட்டது. ஆனால் குள்ளனுக்குக் கூடை இவ்வளவு தாழ்ந்து வருவது வாழ்நாளில் ஒருமுறைதான்.

"தெரியாது சார். ஜெர்சியை மாத்தி மாத்திப் போடுவோம்."

"நான் சொன்னேன்ல?" என்று சாமுண்டீஸ்வரி யாசீனின் ஃபைலில் முத்திரையைக் குத்தினார்.

வெளியே, சீட்டு யாசீனுக்கு என்று கேட்டதும் ஹேமநாத் அவனை அலாக்காகத் தூக்கிவிட்டான். "சூப்பர் மச்சான்! எனக்கு இன்னா சொன்னாங்கோ?"

யாசீன் தொண்டையைச் செருமினான். "களத்தில் இருந்ததற்கான ஆவண ஆதாரம் இல்லையாம். விதிமுறை அப்படி. நாம ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

தன் வாயிலிருந்து அப்படியொரு தமிழ் வரும் என்று அவனுக்கே தெரியாது.

"உன்னாண்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல அவனுங்க?"

"கேக்கவே இல்லடா."

"ஆபீஸ்காரனுங்களே இப்டித்தான். மனசாட்சியே கெடையாது. வா, டீ வாங்கித் தரேன்."

டீ முடிகிற வரைக்கும் இருவரும் சேர்ந்து அதிகாரிகளைத் திட்டினார்கள். யாசீன் குரல்தான் ஓங்கி இருந்தது. நாமெல்லாம் திட்டுவது போலவே, மனசாரத் திட்டினான்.