ஐந்து மாடி நிழல்

நிழல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்தத் தெருவில் வெகுகாலம் எழவே இல்லை. காரணம் எளியது. அந்தத் தெருவில் நிழலே இல்லை.

தெருக்கோடி வீட்டுக்காரி அந்த வெயிலை நம்பித்தான் பிழைத்தாள். நாலு தெருத் துணியை வாங்கித் துவைத்து, முற்றத்தில் கொடி கட்டிக் காயப்போட்டு, தேய்த்து மடித்துக் கொடுப்பது அவள் தொழில். புருஷன் போய்ச் சேர்ந்தபின் துணைக்கு நாத்தனார் வந்து தங்கினாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். இரண்டு பேர் வயிறும் அந்த வெயிலில் நிறைந்தது.

அப்போதுதான் மூலிகை மற்றும் இனிப்பிலை மேம்பாட்டு இயக்ககம் அங்கே கட்டடம் கட்ட முடிவு செய்தது. ஐந்து மாடி. இவள் வீட்டை விற்க மறுத்ததால் கட்டடம் இவள் முற்றத்தை மூன்று பக்கமும் அணைத்துக்கொண்டு எழும்பியது. தெருப்பக்கம் மட்டும் திறந்திருந்தது. "இலை உலர்த்தும் எளியோர் வாழ்வை உயர்த்துவதே எம் இலக்கு" என்று வாசலில் கல்லில் வெட்டி வைத்தார்கள். இயக்ககத்துக்குள் தேயிலையைத் தவிர வேறு இலை எதுவும் நுழைந்ததாகத் தகவல் இல்லை.

முற்றத்தில் வெயில் விழுவது நின்றுபோனது. துணி காயவில்லை. காய்ந்த துணியும் நாறியது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வெயிலை மறைத்ததற்கு ஏதாவது வழி செய்யுங்கள் என்று அவள் மனுக் கொடுத்தாள். ஓராண்டு ஆலோசித்து இயக்ககம் பதில் அனுப்பியது: வெயில் இயற்கையின் கொடை. அது வருவதற்கும் வராமல் போவதற்கும் இவ்வலுவலகம் எவ்வகையிலும் பொறுப்பாகாது.

அந்த ஓராண்டுக்குள் நாகரிகம் மாறிவிட்டது. வசதியானவர்கள் சர்க்கரையை விட்டுவிட்டார்கள். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள். எல்லோருக்கும் அதற்குப் பதிலாக இனிக்கும் சீனித்துளசி இலை வேண்டும். அதிலும் நிழலில் காய்ந்தது வேண்டும். வெயிலில் காய்ந்த இலையில் கோபம் தங்கிவிடுகிறதாம். இதை ஒரு பெரிய மனிதர் மேடையில் சொன்னாராம். எந்த மேடை, எந்த மனிதர் என்று யாரும் விசாரிக்கவில்லை.

நாத்தனார்தான் முதலில் கணக்குப் போட்டாள். "அண்ணி, நம்மகிட்ட இல்லாதது வெயிலு. இருக்கிறது நிழலு. இப்ப விக்கிறது எதுன்னு பாருங்க" என்றாள்.

கொடி கட்டிய கம்பங்களில் வலைத்தட்டுகள் ஏறின. சீனித்துளசி, புதினா, எலுமிச்சைப்புல் மூன்றையும் தோட்டக்காரர்களிடம் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். எலுமிச்சைப்புல்லை நறுக்கினால் போதும். மற்ற இரண்டிலும் தண்டை ஒரு கையால் பிடித்து, மறு கையால் அடிநோக்கி உருவினால் இலை மடியில் கொட்டும். அதை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். குவித்தால் சூடேறிக் கறுத்துவிடும். அவ்வப்போது புரட்ட வேண்டும். விரலில் நொறுங்கும்போது சத்தம் வந்தால் ஜாடிக்குப் போகலாம். பச்சை மாறாமல் வந்த அந்த இலையைப் பார்த்த சீமாட்டிகள் கண்ணை மூடி முகர்ந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஐந்து மாடியும் நன்றாகவே உழைத்தது. தெரு அவளுக்கு இலைக்காரம்மா என்று பெயர் வைத்தது.

இத்தனையும் ஒரு நாள் மூன்றாம் மாடி ஜன்னலில் பல் குத்திக்கொண்டிருந்த ஆய்வாளர் கண்ணில் பட்டது. முதலில் முற்றம் பச்சையாக இருப்பதைக் கண்டார். பிறகு அந்தப் பச்சை யாருடைய நிழலில் இருக்கிறது என்பதைக் கண்டார். பல்குச்சியை எறிந்துவிட்டு அளவு நாடாவோடு இறங்கி வந்தார்.

நிழலை அளப்பது லேசான வேலை அல்ல. அவர் நீளத்தை எழுதி முடிப்பதற்குள் அது குறைந்தது. அகலத்தை எழுதுவதற்குள் நகர்ந்தது. கடைசியில், "அளவீட்டுக்கு நிழல் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் அறிவிப்பு வந்தது. அரசுக் கட்டடத்தால் உண்டாக்கப்பட்ட நிழலை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். உடனே நிழலைக் காலி செய்யவும். தவறினால் இலைகள் பறிமுதல் செய்யப்படும்.

வந்த நேரம் அப்படி. முற்றம் முழுக்க அப்போதுதான் உருவிய ஈர இலை. அந்தப் பருவத்தின் பெரிய அறுப்பு அது. அதைக் கரையேற்றினால்தான் அடுத்த அறுப்புவரை வீட்டில் அடுப்பு எரியும். இரண்டு பெண்களும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். தெருவில் வெயில் கொளுத்தியது. ஒரு தட்டு இலை பழுப்பாகிச் சுருண்டது. இன்னொரு தட்டில் பேருந்து கிளப்பிய புழுதி படிந்தது. மீதியை வீட்டுக்குள் பரப்பிவிட்டு இலைக்காரம்மா ஆய்வாளரைப் பார்க்கப் போனாள்.

"சார், வெயிலுக்கு நீங்க பொறுப்பில்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப நிழல் மட்டும் உங்களுதா?"

"வெயில் எங்களுது இல்லம்மா. அதை மறைச்சது எங்க செவுரு. மறைச்சதுனால வந்தது நிழல். இதுல என்ன குழப்பம்?"

"சரி. இலையை வீட்டுக்குள்ள போட்டிருக்கேன். அங்க இருக்கிறது எங்க வீட்டு இருட்டுதான்."

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். விஷயம் சிக்கலானது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "உங்க வீடே எங்க நிழல்லதானே இருக்கு? உள்ள இருக்கிற இருட்டுல உங்க பங்கு எவ்வளவு, எங்க பங்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது? ரெண்டும் கலந்துபோச்சு. கலப்படத்துக்கு வேற சட்டம் இருக்கு, தெரியும்ல?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"நிழலைத் திருப்பி ஒப்படைச்சிடுங்க. எந்த நிலையில எடுத்தீங்களோ அதே நிலையில. விஷயம் முடிஞ்சுது."

அவள் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் காற்றில்லாமல் இலை வியர்த்திருந்தது. இரண்டு நாள் இப்படியே கிடந்தால் எல்லாம் குப்பைதான். நாத்தனார் உள்ளே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், தனக்கல்ல, இலைக்கு.

தெருமுனையில் குடை பழுது பார்க்கும் குடைக்காரர் ஒருவர் இருந்தார். தன் வாழ்நாளில் பாதியைக் குடைக்கும் பாதியைப் போராட்டத்துக்கும் கொடுத்தவர். குழாய்த் தண்ணீருக்காக மறியல் செய்து குழாயைக் கொண்டுவந்தவர். தண்ணீர் வராதது அவர் குற்றமல்ல. நாத்தனார் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். இது இலைப் பிரச்சினையே அல்ல என்றார். இன்று நிழல், நாளை காற்று, நாளை மறுநாள் மூச்சு என்றார். சொல்லும்போதே அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

மறுநாள் காலை இயக்கக வாசலில், நடுத்தெருவில், சுட்டெரிக்கும் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். குடைக்காரர் குடையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் ஊரை உலுக்கியது. "நிழல் உழைப்பவருக்கே" என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருந்தார். பக்கத்தில் இலைக்காரம்மாவும் நாத்தனாரும். மத்தியானத்துக்குள் செருப்புத் தைப்பவர், பழவண்டிக்காரர் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது.

சாயங்காலம் கட்டடத்தின் நிழல் தெருவுக்கு வந்து கூட்டத்தின்மேல் விழுந்தது. ஆய்வாளர் ஓடிவந்தார். அலுவலகத்துக்கு எதிரான போராட்டத்துக்கு அலுவலக நிழலைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். குடைக்காரர் எழுந்து, உன் நிழல் யாருக்கு வேணும் என்று சொல்லி, பத்தடி தள்ளி வெயிலில் போய் உட்கார்ந்தார். கூட்டமும் தள்ளி உட்கார்ந்தது. நிழல் மறுபடி வந்தது. மறுபடி தள்ளினார்கள். இருட்டுவதற்குள் போராட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இயக்ககம் அதைத் தன் வெற்றியாகக் குறித்துக்கொண்டது. போராட்டம் பரவுகிறது என்று குடைக்காரர் அறிவித்தார்.

இரண்டாம் நாள் சீமாட்டிகள் வந்தார்கள். வெயிலில் உட்காருவது உடம்புக்குள் இருக்கும் பழைய சர்க்கரையைக் கரைக்கும் என்று அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். அகலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, போராட்டக்காரர்கள் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களில் ஒன்றில் இயக்குநரின் மனைவி இருந்தார்.

அன்று மாலையே இயக்குநர் கீழே இறங்கி வந்தார். மென்மையான மனிதர். சீனித்துளசி போட்ட தேநீர்தான் குடிப்பார், ருசிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்து. ஏழையின் கண்ணீரைத் துடைக்கத்தான் இயக்ககமே எழுப்பப்பட்டது என்று நினைவூட்டிவிட்டு ஆணையைப் படித்தார். மேற்படி கட்டடத்தின் நிழல், முற்றத்தில் விழுவதும் அதையொட்டித் தெருவில் விழுவதும், இலைக்காரம்மாவின் பொறுப்பில் இன்றுமுதல் ஒப்படைக்கப்படுகிறது. அவர் அதை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்கலாகாது. விட்டுக்கொடுத்தால் அக்கணமே நிழல் அரசுக்குத் திரும்பும்.

கூட்டம் கைதட்டியது. கடைசி வரிகளுக்கும் சேர்த்துத்தான் தட்டியது. குடைக்காரரைத் தோளில் தூக்கினார்கள். வெயில் அவரை வாட்டியிருந்ததால் தூக்குவது சுலபமாக இருந்தது.

இரண்டு பெண்களும் ஓடிப்போய்த் தட்டுகளை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாதி இலை கறுத்துப் போயிருந்தது. மீதியைத் தனித்தனியாகப் பிரித்துப் பரப்பினார்கள். காற்று வந்தது. விடிந்தபோது இலை ஈரம் விட்டு, பச்சையாகவே நின்றது. இன்னும் ஒரு நாள் நிழலும் காற்றும் கிடைத்தால் போதும், அறுப்பு தப்பிவிடும். இலைக்காரம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு தட்டு தட்டாகப் பார்த்தாள். மத்தியானம் கழிந்து நிழல் தெருவில் விழத் தொடங்கியதும் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, அதன் ஓரத்தில் கோடு போட்டாள். அது நகர நகர அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஆய்வாளர் மூன்றாம் மாடியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் குடைக்காரர் தள்ளாடியபடி வந்தார். முகமெல்லாம் தோல் உரிந்திருந்தது. தெருவில் நிழல் விழுந்திருந்த இடமாகப் பார்த்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். பெட்டியைத் திறந்து ஒரு குடையை எடுத்தார்.

இலைக்காரம்மா நிமிர்ந்து மூன்றாம் மாடியைப் பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருப்பது கோட்டுக்கு உள்ளே.

"அண்ணே" என்று பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்களேன்."

"அந்தப் பக்கம் வெயிலும்மா."

"தெரியுது. இது என் பொறுப்புல இருக்கு. வேற யாரும் உக்காந்தா போயிடும்னு எழுதியிருக்காங்க."

நாத்தனார் தட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "உங்களுக்கு மண்டை கிண்டை கலங்கிடுச்சா அண்ணி? இவரு யாருக்காகக் காய்ஞ்சாரு?"

"எல்லாம் எனக்கும் தெரியும்டி. நன்றி வேற, ஒழுங்கு வேற. இன்னைக்கு இவரை விட்டா நாளைக்குப் பழவண்டி வரும், செருப்புக்காரர் வருவாரு. அப்புறம் கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேணாமா?" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, கேட்க நன்றாகவும் இருந்தது. குடைக்காரர் பக்கம் திரும்பினாள். "நான் மாட்டேன்னு சொல்லலைண்ணே. முறையா ஒரு மனு எழுதிக் குடுங்க. ஆலோசிச்சுச் சொல்றேன்."

நாத்தனார் குடைக்காரரின் முகத்தைப் பார்த்தாள். இப்போது எழுவார், கையை உயர்த்துவார், தெருவே அதிரும் என்று காத்திருந்தாள்.

குடைக்காரர் எழுந்தார். கோட்டைத் தாண்டி வெயிலில் போய் உட்கார்ந்தார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தொடையில் வைத்து மடிப்பை நீவினார். நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எழுதத் தொடங்கியது. ஒரு வரி எழுதிவிட்டு மரியாதையாக நிமிர்ந்தார்.

"பெறுநர்னு வர்ற இடத்துல பேர் போடணுமா அம்மா, பதவி மட்டும் போதுமா?"