மேலங்கியின் நிறம் குறித்த பன்னிரண்டாம் கூட்டத் தீர்மானம்

மனிதகுலம் இதுவரை மூன்று முறை பேரழிவிலிருந்து காப்பாற்றப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு முறை காப்பாற்றியது யாரென்று எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை காப்பாற்றியவர்கள் எங்கள் வீட்டு முன்னறையில், ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கூடினார்கள். டீ போட்டுக் கொடுத்தது நான். ஆகவே வரலாற்றில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

அவர்கள் காப்பாற்றியது ஒரு கதையை. ஏழு தொகுதிகள், ஆறாயிரத்து நூறு பக்கங்கள். உப்பால் கட்டிய ஒரு கோட்டை, அதை ஆளும் ஓர் அரசி, அவளைச் சுமந்து பறக்கும் ஒரு சிறகுநாகம். இதைப் பெருஞ்செலவில் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றே என் கணவர் 'மூலநூல் பாதுகாப்புச் சங்கம்' தொடங்கிவிட்டார். அப்போது படத்துக்கு இயக்குநர்கூட முடிவாகவில்லை.

"அதனால என்ன? யார் எடுத்தாலும் கெடுக்கத்தான் போறாங்க," என்றார். தொலைநோக்கு என்பது இதுதான்.

என் கணவர் நீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். பகலெல்லாம் ஊரார் புகாரை வாங்கி வாங்கி, தன் புகாரைக் கொடுக்க ஓர் இடமின்றித் தவித்த ஆத்மா. சங்கத்தின் செயலாளர் அவரே. தலைவர், பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால், எதிர்ப்பேச்சு என்ற ஒன்று உலகில் இருப்பது அவருக்குத் தெரியாது. தலைமைக்கு வேறென்ன தகுதி வேண்டும்? துணைத்தலைவர், கார் ஓட்டக் கற்றுத் தருபவர். சிறகுநாகம் வளைவில் திரும்பும்போது எந்தச் சிறகைத் தாழ்த்த வேண்டும் என்று மூன்று கூட்டங்கள் பேசினார். இவர்களோடு இன்னும் எட்டு உறுப்பினர்கள். பதினொரு பேருக்கும் டீ. இருவருக்குச் சர்க்கரை வேண்டாம்.

சங்கத்தின் தலையாய சாதனை, பிழைப் படிவம். என் கணவர் தம் அலுவலகப் புகார்ப் படிவத்தைப் பார்த்து அமைத்தது. வரிசை எண், பிழை, மூலநூல் பக்கம், பொறுப்பானவர். பிழையை இரண்டே வகையாகப் பிரித்திருந்தார். முதல் வகை: 'நூலில் உள்ளபடி இல்லை (துரோகம்)'. இரண்டாம் வகை: 'நூலில் உள்ளபடியே இருக்கிறது (கற்பனை வறட்சி)'.

"மூணாவதா ஒண்ணு வேண்டாமாங்க? நல்லா இருக்குன்னு?" என்று டீத்தட்டோடு நின்றபடி கேட்டேன்.

பல் மருத்துவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "தங்கச்சி, இது ஆராய்ச்சி. இதுல உணர்ச்சிக்கு இடமில்ல."

இனி பன்னிரண்டாம் கூட்டத்துக்கு வருகிறேன். இரண்டாம் தொகுதி, இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் அரசியின் மேலங்கியைப் பற்றி ஒரு வரி உண்டு: அது 'மழைக்கு முந்திய நொடியின் நிறம்' கொண்டது. அது என்ன நிறம்? பதினொரு பேர், பதினொரு மழை. ஒருவர் சாம்பல் என்றார். ஒருவர் நீலம் என்றார். ஒருவர் தம் ஊர்ப் பக்கம் மழைக்கு முன் வானம் மஞ்சளடிக்கும் என்று சொல்லி, வெளியேற்றப்படும் நிலைக்குப் போனார். ஆறு மணி நேரம். நாலு முறை டீ. கடைசியில் என் கணவர் எழுந்து வாசித்த தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதியது நான்தான். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் சங்கப் பதிவேடு என் பொறுப்பு.

'புது அலுமினியப் பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு துளி நீலமை சிந்தித் துடைத்தது போன்ற நிறம். ஊதா அறவே கூடாது. பச்சை எட்டிப் பார்க்கலாம். உள்ளே வரக் கூடாது.'

ஒருமனதாக நிறைவேறியது. துணைத்தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன. பசியாகவும் இருக்கலாம்.

இப்போது என்னைப் பற்றிச் சில வார்த்தைகள். நான் தையற்காரி. ஒரு பெரிய தையற்கூடத்தில் ஏழாம் மேசை. அந்தக் கூட்டம் முடிந்து சில மாதங்களில் எங்கள் மேற்பார்வையாளர் அக்கா எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ஒரு படத்துக்கு உடை தைக்கப் போகிறோம்; படம் வெளிவரும்வரை அது எந்தப் படம் என்று கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடக் கூடாது. நான் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் மேசைமேல் வரைபடத்தை விரித்தார்கள். உப்புக்கோட்டை அரசியின் மேலங்கி.

பத்தொன்பது நிற மாதிரிகளை இயக்குநர் திருப்பி அனுப்பியிருந்தார். உடையமைப்பாளர் கதையைப் படித்ததில்லை. அக்காவும் இல்லை. இருபதாவது மாதிரியும் திரும்பி வந்தால் வேலையே வேறு கூடத்துக்குப் போய்விடும் என்றார்கள்.

"அக்கா, அலுமினியப் பாத்திரத்து அடியில ஒரு துளி நீலமை சிந்தித் துடைச்சா எப்படி இருக்கும்?" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழாம் மேசைக்குக் காய்ச்சலா?"

"ஊதா வரக் கூடாதுக்கா. பச்சை எட்டிப் பார்க்கலாம்."

சாயத்தொட்டியை என்னிடமே விட்டார்கள். கம்பளித் துணி ஈரத்தில் ஒரு நிறம் காட்டும். காய்ந்தால் வேறு முகம். கையுறை போட்டால் துணி எவ்வளவு குடித்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. வெறுங்கையால்தான் பிழிந்தேன். இருபதாவது மாதிரியை இயக்குநர் ஜன்னலோரம் எடுத்துப் போய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, "இதைச் செஞ்சவங்க பேரு தனியா வரணும்," என்றாராம். பெரிய திரையில் தனி வரியாக என் பெயர். தைத்த ஜாக்கெட்டை உள்பக்கம் புரட்டிக் குறை தேடும் வாடிக்கையாளர்களையே பார்த்து வளர்ந்தவள் நான். அன்று வீடு வந்து சேர்ந்த வழி எனக்கு நினைவில்லை.

சண்டைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, தீயில் எரிய ஒன்று என்று ஒன்பது மேலங்கிகள். நாலு மாதம் மணிக்கட்டுவரை என் கைகள் அந்த நிறத்தில் இருந்தன. அந்தக் கைகளால்தான் சங்கத்துக்கு டீ கொடுத்தேன்.

என் கணவர் அக்கறை இல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் அவரே கேட்டார்.

"இப்பல்லாம் லேட்டா வர்றியே, என்ன தைக்கறீங்க?"

"பெரிய துணிங்க."

"திரைச்சீலையா?" என்று கேட்டவர், பதில் வருவதற்குள் ஐந்தாம் தொகுதிக்குள் போய்விட்டார். நான் ஒப்பந்தத்தை மீறாமல் காப்பாற்றியவர் அவர்தான். அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்.

பிறகு படத்தின் முன்னோட்டம் வந்தது. இரண்டு நிமிடம் எட்டு நொடி. சங்கம் அறுபத்து நாலு பிழை கண்டது. நொடிக்கு அரைப் பிழை. உலகின் எந்தத் தணிக்கைத் துறையும் எட்டாத வேகம் இது. முதல் பிழை, மேலங்கி.

"என்ன நிறம் இது? பாத்திரம் தேய்ச்ச தண்ணி மாதிரி," என்றார் பல் மருத்துவர்.

"பக்கத்துல ஒரு பச்சை வேற எட்டிப் பார்க்குது," என்றார் என் கணவர். "புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தவன் இதைச் செய்வானா?"

நான் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். 'பச்சை' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. மை குறைவு போலும்.

போருக்குத் திட்டம் வகுத்தார்கள். முதல் நாள் காலைக் காட்சிக்கே போவது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பதினொரு பேரும் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி நிற்பது. கெடுத்தவர்களின் பெயரைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று சபதம். களத்தில் புறமுதுகு காட்டுவது இழுக்கு என்று நம் முன்னோர்கள் ஏனோ நினைத்துவிட்டார்கள். சங்கம் அந்தக் குறையை நீக்கியது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். "என்னங்க, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துல நான் எதுவும் பெருசா கேட்டதில்ல. அந்தப் படத்துல கடைசிப் பேரு போறவரைக்கும் என்கூட உக்காந்து பாருங்க. அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவர் மனிதர். உருகிவிட்டார். ஆனால் செயலாளரும் ஆயிற்றே. அடுத்த ஞாயிற்றுக் கூட்டத்தில் என் விண்ணப்பத்தை முறைப்படி முன்வைத்தார். 'உறுப்பினர் ஒருவரின் மனைவி கோரும் விதிவிலக்கு.' எதிராக ஒன்பது வாக்கு. ஆதரவாக ஒன்று, துணைத்தலைவருடையது. செயலாளர் நடுநிலை வகித்தார். சொந்தம் பந்தம் பாராத நேர்மை. மயிர்க்கூச்செறிந்தது எனக்கு.

"கேட்டுப் பார்த்தேன்மா. ஜனநாயகம்," என்று கையை விரித்தார்.

அந்தக் காலையும் வந்தது. சங்கத்துக்கு ஒரு வரிசை. மனைவிமாருக்கு அதற்குப் பின் வரிசை. நான் சரியாக என் கணவருக்குப் பின்னால். மூன்று மணி நேரம் பென்சில்கள் கீச்சிட்டன. அரசி மேலங்கியை விரித்து உப்பு மதிலின்மேல் நின்றபோது, அரங்கம் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை மேடையேறிப் பாடும்போது தாய்க்கு இப்படித்தான் இருக்குமோ என்னவோ. முன்வரிசையில் பதினொரு பென்சில்கள் ஒரே நேரத்தில் குனிந்தன.

பெயர்கள் ஓடத் தொடங்கின. பதினொரு பேரும் எழுந்தார்கள், திரும்பினார்கள். என் கணவர் என்னைப் பார்த்து நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு. அவர் தோளுக்கு மேல் நான் திரையைப் பார்த்தேன். நடித்தவர்கள் போனார்கள். சண்டை போட்டவர்கள் போனார்கள். நெருப்பு வைத்தவர்கள், குதிரை மேய்த்தவர்கள் போனார்கள்.

'அரசியின் மேலங்கி: நிறமும் தையலும்.' அதன் கீழே என் பெயர், எழுத்துப் பிசகாமல்.

"என்னங்க, ஒரு தடவை திரும்பிப் பாருங்க."

"முடியாதும்மா."

"ஒரே ஒரு நொடிங்க."

அவர் கழுத்து கால் பாகம் திரும்பியது. பொய் சொல்ல மாட்டேன், திரும்பியது. பக்கத்தில் பல் மருத்துவர் தொண்டையைக் கனைத்தார். கழுத்து பழைய இடத்துக்கு வந்தது. அதற்குள் என் பெயர் மேலே போய், கூரைக்குள் மறைந்துவிட்டது.

"அழாத," என்றார் என் கணவர், என் முகத்தைப் பார்த்து. "இவ்வளவு மோசமா எடுப்பாங்கன்னு நானே எதிர்பார்க்கல."

மாலையில் ஆய்வுக் கூட்டம். நான் பதிவேட்டோடு உட்கார்ந்தேன். துணைத்தலைவர் மட்டும் ஒரு மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

"ஒரு சின்ன விஷயம். பின்னாடி என்ன வருதுன்னு பார்க்காம என்னால நிக்க முடியாது, தொழில் பழக்கம். செல்போனை அணைச்சுக் கண்ணாடி மாதிரி பிடிச்சிருந்தேன். அதுல அண்ணி பேரு மாதிரி ஒண்ணு போச்சு. இடம் வலமா மாறித்தான் தெரிஞ்சுது, இருந்தாலும்…"

"உலகத்துல அந்தப் பேரு இவ ஒருத்திக்குத்தானா வச்சிருக்காங்க?" என்றார் என் கணவர். "முதல்ல, சபதத்தை மீறினதுக்கு விளக்கம் குடுங்க."

துணைத்தலைவர் எழுத்துமூலம் விளக்கம் தர ஒப்புக்கொண்டார். கூட்டம் தொடர்ந்தது.

"எழுதிக்கோம்மா," என்றார் என் கணவர். "பிழை எண் ஒன்று. மேலங்கி. இந்த நிறத்தைக் கொடுத்தவர், இந்நூலை நேசிக்கும் ஒரு மனிதரோடு வாழ்நாளில் ஒரு நாளாவது பழகியிருக்க மாட்டார்."

எழுதினேன். "பொறுப்பானவர்னு இருக்கே, அங்க என்ன போடட்டும்?"

"யாருக்குத் தெரியும்? 'பெயர் தெரியாதவர்'னு போடு."

நான் பேனாவை வைத்துவிட்டு, பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, பன்னிரண்டாம் கூட்டத் தீர்மானத்தை உரக்க வாசித்தேன். அலுமினியம், நீலமை, ஊதா, பச்சை. ஒரு சொல் விடவில்லை. பிறகு, "இதை அப்படியே சாயத்தொட்டியில முக்கி எடுத்தது நான்தாங்க. தம்பி பார்த்தது என் பேருதான்," என்றேன்.

அறையில் டீ ஆறும் சத்தம் கேட்டது. முதலில் சுதாரித்தவர் பல் மருத்துவர்.

"தங்கச்சி, தீர்மானத்துல குறையே இல்ல. ஆனா அதை யாராவது நிறைவேத்தணும்னு நாங்க எங்க சொன்னோம்?"

உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள். என் கணவர் மட்டும் பதிவேட்டின்மேல் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் இரண்டாம் பாகத்துக்கு மூன்று வாரமாக மறுபடியும் சாயம் முக்கிக்கொண்டிருந்தோம். மணிக்கட்டுவரை அதே நிறம். மூன்றாம் தொகுதி முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் அரசியின் இடது சுண்டுவிரல் நகம் உடைந்திருப்பதைப் படத்தில் காட்டவில்லை என்று காலையில்தான் கண்டுபிடித்த கண்கள் அவை.

"உன் கைக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"போன வருஷத்துல நாலு மாசம் இப்படித்தாங்க இருந்துச்சு."

அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. பார்க்கக் கூடாதுன்னு உங்ககிட்ட யாருங்க வாங்கினாங்க?"

பேனாவை எடுத்தேன். பாதியில் விட்ட கட்டம் காத்திருந்தது. சங்கம் கொடுத்த சொல்லை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஒரே ஒரு சொல் சேர்த்துக்கொண்டேன்.

பிழை எண் ஒன்று. பொறுப்பானவர்: பெயர் தெரியாதவரின் கணவர்.