முன்னால வலது, பின்னால எடது

நான் இதுவரைக்கும் மூணு காரு வச்சிருந்திருக்கேன். மூணுக்கும் சரித்திரம் உண்டு. ராஜாக்கமாருக்கு மட்டுந்தான் சரித்திரம் இருக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல்ல. எழுதியிருந்தா அதுக்கும் தனியா ஒரு சர்க்காரு கச்சேரி தொறந்து, ரெண்டு கிளார்க்கையும் ஒரு பியூனையும் போட்டிருப்பாவ. நம்ம திருவிதாங்கூரு அப்பிடி.

மொதல் காரு ஓடாது. கொல்லம் ஆண்டு 1102-ல, நான் இன்டர்மீடியட்ட பாதியில விட்டுட்டு வீட்டுல மல்லாந்து கெடந்த சமயம், மலைத்தோட்டத்துத் தொரை ஒருத்தரு சீமைக்குத் திரும்பிப் போவச்சில அத எங்க அப்பா தலையில கெட்டிட்டுப் போனாரு. அப்பாவுக்கு நாகர்கோவில் வடசேரியில வாழைக்குலை யாவாரம். பத்துப் பேரு தள்ளிக்கிட்டு வந்து முற்றத்துல நிப்பாட்டுனாவ. எஞ்சின் ஓடாதுங்கது யாருக்கும் ஒரு கொறையாவே தெரியல்ல. அப்பம் காரு வச்சிருக்கதுதான் நாகரிகம், ஓட்டணும்னு ஒருத்தரும் சொல்லல்ல. வீட்டுக்கு வாறவியள அதுக்குள்ள இருத்திக் கருப்பட்டிக் காப்பி குடுப்போம். ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே குடிப்பாவ. எறங்கச்சில, "நல்ல சுகமா ஓடுகு"ன்னு சொல்லிட்டுப் போவாவ.

எங்க மாமா யேசுரத்தினத்துக்கு மட்டும் அது போதாம வந்துட்டு.

மாமாவுக்கு மார்த்தாண்டத்துல நல்லமொளகு யாவாரம். அவருக்க மவ ஜெபகுமாரிய எனக்குன்னு சின்ன வயசுலயே பேசி வச்சிருந்தாவ. எனக்கு அவள அப்பமே பிடிக்கும். அவளுக்கு என்னப் பிடிக்குமான்னு கேட்டா, "பரவால்ல"ன்னு சொல்லுவா. அதுவே அவ வாயில பெரிய புகழ்ச்சி.

ஒருநா மாமா சொல்லுகாரு: "எலே ஜான்ரோஸ், எங்க சபையில மருமக்கமாரு மூணு பேரு வாத்தியாரு, ரெண்டு பேரு கம்பவுண்டரு. காரு ஓட்டுத மருமவன் ஒருத்தனுக்கும் கெடையாது. கிறிஸ்மஸுக்குள்ள நீயே ஓட்டிக்கிட்டு எங்க வாசல்ல வந்து எறங்கணும். இல்லேன்னா நான் வேற எடம் பாப்பேன்."

"மாமா, நம்மகிட்டதான் ஒரு காரு நிக்கே!"

"நிக்க காருல மருமவன் இருந்தா அவனும் அங்கணயேல்லா நிப்பான்?"

கதவுக்குப் பொறத்த இருந்து ஜெபகுமாரி: "அத்தான், பஸ்ஸுல வந்தா என்ன? டிக்கெட்டு எடுத்தாப் போதும்."

"நீ உள்ள போ பிள்ளே!"ன்னாரு மாமா. அவ போவல்ல.

அதுனால ரெண்டாவது காரு வந்து. முன்னால நல்லா ஓடும். பின்னால போவாது, அந்தப் பல்லுச்சக்கரம் தேஞ்சி போச்சி. மெக்கானிக்கு சொன்னான்: "பின்னால என்னத்துக்குப் போவணும் மக்கா? உலகம் முன்னாலல்லா போயிட்டிருக்கு." அவன் உலகத்தப் பத்திச் சொன்னது சரி. நம்ம கச்சேரியப் பத்தி அவனுக்குத் தெரியாது.

வாகன விசாரணைக் கச்சேரியில அதிகாரி சிவதாணு பிள்ளை. இருவத்திரெண்டு வருசம் தராசுல உப்பு நிறுத்தவரு. உப்புக்கும் நிறை உண்டு, காருக்கும் நிறை உண்டு, ஆகையினால் மேற்படியார் மோட்டாருக்குச் சாலத் தகுந்தவர்னு மேலிடத்துல தீர்மானிச்சிட்டாவ. அவரு அதுவரைக்கும் காருல ஏறினதில்ல. ஏறப்போறதும் இல்லன்னு அவருக்க வீட்டம்மைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தாரு. ஆனா சட்டத்துல, "வாகனமானது பரிசோதகரின் பூரண பார்வையில் ஓட்டிக் காட்டப்பட வேண்டியது"ன்னு இருக்கு. அவரு யோசிச்சாரு. பொட்டலுக்கு நடுவுல ஒரு நாற்காலி போட்டு இருந்தாரு. பியூன் சுடலையாண்டி பக்கத்துல கொடை பிடிச்சான். காரு அவியளச் சுத்தி இருவது சுத்து ஓடணும். அதுதான் பரிச்சை.

நான் எடப்பக்கமா வளைச்சி ஒரு சுத்து போனனோ இல்லையோ, நாற்காலியில இருந்து ஒரு அலறலு.

"நிறுத்துலே! என்ன ஓய் செய்யுதீரு?"

"சுத்துதேன் ஐயா."

"எந்தப் பக்கமாச் சுத்துதீரு? பொணத்துக்குல்லா வேய் இப்பிடிச் சுத்துவாவ! உசிரோட இருக்க சர்க்காரு உத்தியோகஸ்தன அப்பிரதட்சிணமாச் சுத்துதீரா? வலமாட்டுச் சுத்தும்!"

வலமாட்டுச் சுத்தினேன். மூணாவது சுத்துல அவரு கண்ண மூடிக்கிட்டாரு. பத்தாவது சுத்துல கை தானா உயந்து, ஆசீர்வாதம் பண்ணுகது மாதிரி நின்னுட்டு. பதினஞ்சாவது சுத்துல சுடலையாண்டி கொடைய மடக்கிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டான். இருவதுக்குப் பொறவும், "இன்னொண்ணு சுத்தும், குத்தமில்ல"ன்னாரு.

சாயங்காலம் லைசென்ஸ் கைக்கு வந்து. அதுல எழுதியிருந்தது இது: "மேற்படி ஜான்ரோஸ் என்பவர் நேராகவும் வலப்புறமாகவும் வாகனத்தைச் செலுத்த வல்லவர் என்பதை நாம் நேரில் கண்டு திருப்தியடைந்து அனுமதிக்கலாயிற்று. இடப்புறம் நம்மால் காணப்படவில்லை."

"அண்ணாச்சி, மார்த்தாண்டத்துக்குப் போற ரோடு அங்கங்க எடப்பக்கம் வளையுமே?"ன்னு சுடலையாண்டிகிட்ட கேட்டேன்.

அவன் நல்லா யோசிச்சிச் சொன்னான்: "ரோடு வளைஞ்சா அது ரோட்டுக்க குத்தம். நீரு வளைஞ்சாத்தான் ஒம்ம குத்தம்."

மாமா வீடு எங்க இருக்குங்கதச் சொல்லணும். நாகர்கோவில்ல இருந்து போனா மார்த்தாண்டம் சந்தைக்கு எதுத்தாப்புல எடப்பக்கம் ஒரு முடுக்கு. அதுல மாமா வீடு, அதத் தாண்டி மாமாவுக்க சபைக் கோயில். முடுக்கு முனையில போலீசு ஏட்டு. லைசென்ஸ எழுத்துக்கூட்டி வாசிச்சாரு.

"எடது திரும்பப்படாது கேட்டியா?"

"மாமா வீடு அந்தாத் தெரியுகே ஏட்டையா!"

"தெரியட்டு. பாக்கதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

நான் காலேஜ விட்டவன்தான், கணக்க விட்டவன் இல்ல. மூணு வலது சேந்தா ஒரு எடது. முடுக்கத் தாண்டி நேரா விட்டேன். வலது திரும்பிச் சந்தைக்குள்ள. திரும்பவும் வலது, மரச்சீனிக் கெழங்குக் குவியலுக்கு நடுவுல. திரும்பவும் வலது, அங்க மீன்காரி கிளாராக்கா.

"எலே நாசமாப் போவான்! சந்தைக்குள்ள காருக்கு என்ன சோலி?"

"மாமா வீட்டுக்குப் போறேன் அக்கா!"

"மாமா வீடு எதுத்தாப்புலல்லா கெடக்கு! நேரா எடது திரும்பிப் போனா என்ன? ஒனக்கு வட்டா, கிறுக்கு பிடிச்சிட்டா?"

"எனக்கு இல்லக்கா, சட்டத்துக்கு."

ரோட்டக் குறுக்க கடந்து நேரா முடுக்குல எறங்கி மாமா வாசல்ல நின்னேன். பானெட்டுக்கு மேல ஒரு ஓலக்கடவம் சாளை மீன். சக்கரத்துல மரச்சீனி. பொறத்த கிளாராக்காவும் பதினேழு பெண்டுகளும்.

மாமா மூக்கப் பொத்திக்கிட்டாரு. "கல்யாணத்தண்ணைக்கும் இப்பிடி மீன் நாத்தத்தோடயாலே வருவே? எடது திரும்ப லைசென்ஸ் வாங்கிட்டு வா. இல்லேன்னா பொண்ணு இல்ல."

ஜெபகுமாரி காரச் சுத்திப் பாத்துட்டு, "சாளை நல்ல பச்சை. இது மட்டும் இருக்கட்டு"ன்னு கடவத்த எடுத்துக்கிட்டு உள்ள போனா.

மறுபடியும் கச்சேரி. மறுபடியும் சிவதாணு பிள்ளை.

"எடது வேணும் ஐயா."

"எடது வேணும்னா நீரு என்ன எடமாட்டுச் சுத்திக் காட்டணும். எடமாட்டுச் சுத்தினா எனக்கு ஆயுசு கொறயும். அப்பம் ஒப்பு போட ஆளு?"

"நாற்காலிய ஓரமாட்டுப் போட்டா?"

"ஓரத்துல இருக்கதுக்கா நான் இருவத்திரெண்டு வருசம் உப்பு நிறுத்தேன்?"

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பொய் சொல்லல்ல. கிறிஸ்மஸுக்கு ரெண்டு மாசந்தான் கெடக்கு. மாமா குழித்துறையில வேற ஒரு மாப்பிள்ளையப் போய்ப் பாத்துட்டும் வந்துட்டாரு. அப்பம் சுடலையாண்டி மேசையில கெடந்த ஐயாவுக்க பொடி டப்பாவ எடுத்தான். மைக்கூடு ஐயான்னு வச்சான், டப்பா காருன்னு வச்சான். டப்பாவப் பின்னாலயே தள்ளினான்.

"பாருங்க ஐயா. ஓட்டுத வளையத்த எடப்பக்கம் திருப்பிட்டுக் காரு பின்னோக்கிப் போனா, ஒங்களச் சுத்துகது வலமாட்டுதான் வரும். அவருக்கு எடதும் ஆச்சி, ஒங்களுக்குப் பிரதட்சிணமும் ஆச்சி."

சிவதாணு பிள்ளை டப்பாவ வாங்கி மைக்கூட்டச் சுத்தி ஏழு தடவ தள்ளிப் பாத்தாரு. பொறவு ஒரு நுள்ளு பொடி போட்டாரு. தும்மினாரு. "சாத்தியமுண்டு"ன்னாரு.

ரெண்டாவது காரு பின்னால போவாதே, அதுனால மூணாவது காரு. அப்பா ஒரு மாசம் எங்கிட்டப் பேசல்ல. நான் அந்தப் பொட்டல்ல கழுத்தத் திருப்பி வச்சிக்கிட்டு இருவது சுத்து பின்னாலயே சுத்தினேன். எறங்கினப்பம் கழுத்து அப்பிடியே நின்னுட்டு. லைசென்ஸ்ல ஒரு வரி கூடுதலு வந்து: "இடப்புறம்: பின்னோக்கி மாத்திரம்."

மார்த்தாண்டத்துல முடுக்கத் தாண்டிப் போய் நிறுத்தி, பின்னாலயே முடுக்குக்குள்ள எறங்கினேன். காருக்க குண்டிதான் மொதல்ல மாமா வாசல்ல போய்ச் சேந்து. மாமா மூஞ்சி கறுத்துட்டு.

"என்னலே இது? வீட்டுக்கு வாறவன் முதுகக் காட்டிக்கிட்டா வருவான்?"

அடுத்த வீட்டு வக்கீல் குமஸ்தா ஒடனே சொன்னாரு: "வேய், ஒமக்குத் தெரியாதா? மூஞ்சியக் காட்டிக்கிட்டு வாறவன் எல்லாம் ஏதோ கேக்க வாறவன். முதுகக் காட்டிக்கிட்டு வாறவனுக்கு ஒண்ணும் வேண்டாம். அவன்தான் பெரிய மனுசன்."

மாமா ரெண்டு நிமிசம் யோசிச்சாரு. பொறவு ஊருக்கே கேக்க மாதிரி விளிச்சாரு: "எட்டி ஜெபகுமாரி! ஒனக்க அத்தான் பின்னோக்கி வந்திருக்காரு, காப்பி போடு!"

அண்ணைக்குத்தான் மொத மொதலா எனக்கு "ரு" போட்டாரு.

அதுக்குப் பொறவு நடந்தது எங் குத்தம் இல்ல. மார்த்தாண்டத்துல காரு வச்சிருந்த ஏழு பேரும் சிவதாணு பிள்ளையச் சுத்தினவிய. ஏழு பேரும் எல்லா வீட்டுக்கும் பின்னோக்கித்தான் வந்தாவ. அதப் பாத்து மாட்டு வண்டிக்காரங்க மாட்டப் பின்னால தள்ளிப் பழக்கினாவ. மாடுகளுக்கு மட்டும் நாகரிகம் சட்டுனு பிடிபடல்ல. ஒரு வைத்தியரு நோயாளி வீட்டுக்குள்ள பின்னாலயே நடந்து போய், நோயாளிக்குப் பதிலா கட்டில் கால நாடி பிடிச்சாரு. கட்டிலுக்கு வாதம்னு மருந்தும் குடுத்தாரு. கைராசிக்காரருன்னு பேரும் வந்து.

கல்யாணம் கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்ன, காலத்த பத்து மணி. போதகரு பன்னெண்டு மணிக்கு அடுத்த சபைக்குப் போவணும், பொறவு கிறிஸ்மஸ் கழிஞ்சிதான் வருவாரு. இப்பம் நடக்கல்லன்னா மாமா சொன்ன தவணை கழிஞ்சி. குழித்துறை மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தான், புதுக் கோட்டுப் போட்டு, ஒரு முன்னேற்பாடா.

கோயில் முடுக்குல எட்டு காரு, பதினாலு வண்டி. எல்லாம் பின்னோக்கி. போற திசையத் திரும்பிப் பாத்தா நாட்டுப்புறம்னு சொல்லிருவாவ, அதுனால ஒருத்தரும் பாக்கல்ல. மொதல் காரு தென்னையில போய் முட்டி நின்னுட்டு. ரெண்டாவது மொதல்ல முட்டிச்சி. நான் அஞ்சாவது. வெளிய போவணும்னா முடுக்கு முனையில நிக்க காரு ரோட்டுல ஏறணும். வலப்பக்கம் சந்தைக் கூட்டம் அடச்சிட்டு. எடப்பக்கம் ரோடு வெறிச்சோடிக் கெடக்கு. ஆனா முன்னோக்கி எடது ஒருத்தன் லைசென்ஸ்லயும் இல்ல.

சிவதாணு பிள்ளையும் விருந்துக்கு வண்டியில வந்திருந்தாரு. எல்லாரும் கும்பிட்டாவ. "ஐயா, ஒரே ஒரு எடது! ஒரே ஒரு தடவ!"

"குடுக்கலாம்"ன்னாரு. "என்னச் சுத்திக் காட்டட்டு. எடம் இருக்கா?"

எடம் இல்ல. பதினொண்ணரை ஆச்சி.

அப்பம் ஜெபகுமாரி வெள்ளச் சேலை நுனியத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, காருகளுக்கு இடையில நெளிஞ்சி எங்கிட்ட வந்தா.

"எறங்குங்க அத்தான்."

"எறங்கினா மாமா பொண்ணு தரமாட்டாரு. நடந்து வந்தவன்னு சொல்லிருவாரு."

"இருவது எட்டு எடுத்து வச்சாக் கோயிலு."

"இருவது எட்டோ இருவது மைலோ, நடை நடைதானே பிள்ளே!"

அவ என்னப் பாத்தா. "அத்தான், அந்தக் குழித்துறைக்காரன் ஒண்ணே காலு மணிக்கூறா கோயில் வாசல்லதான் நிக்கான். அவன் பஸ்ஸுல வந்தவன்."

நான் எறங்கிட்டேன்.

கோயில் படியில மாமா நின்னாரு. என் காலத்தான் பாத்தாரு. அவருக்கு மூஞ்சி கறுக்குகத நான் பத்து எட்டு தூரத்துலயே கண்டேன். வாயத் தொறந்தாரு. என்ன சொல்லப் போறாருன்னு எனக்கும் தெரியும், குழித்துறைக்காரனுக்கும் தெரியும். அவன் கோட்டுப் பித்தான மாட்டினான்.

நான் சட்டுனு திரும்பினேன். மாமாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, பின்னாலயே நடந்தேன். ஒரு எட்டு, ரெண்டு எட்டு. கூட்டத்துல ஒரு முணுமுணுப்பு. பொறவு யாரோ கை தட்டினாவ. மாமா கண்ணத் தொடச்சிக்கிட்டு, "போதகரே, மாப்பிள்ளை வந்தாச்சி! மணி அடிக்கச் சொல்லும்!"ன்னாரு.

ஜெபகுமாரி எம் பக்கத்துல, போற வழியப் பாத்துக்கிட்டு, எங் கையப் பிடிச்சிப் படி ஏத்தி விட்டா. நான் ஒரு படியிலயும் தட்டல்ல.

வாசல்ல நின்ன பெண்டுகள்ல ஒருத்தி அடுத்தவ காதுல சொன்னது எனக்கு நல்லாக் கேட்டு: "மாப்பிள்ளைக்கு என்ன ஒரு நாகரிகம்! பொண்ணுதான் பாவம், வெறும் பட்டிக்காடு. மூஞ்சிய முன்னால வச்சிக்கிட்டுல்லா நடக்கா."

எனக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்து.