வாய்க்காலில் இறங்கிய மாப்பிள்ளை

கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மனிதனைச் செய்து வண்ணம் தீட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மனிதனில் கஷ்டமான இடம் கண்தான். கறுப்புப் புள்ளி மயிரிழை மேலே போனால் ஆள் சாமி வந்தவன் மாதிரி இருப்பான். உள்ளே போனால் ஒன்றரைக்கண். அந்தக் கண்ணையே சரியாக வைக்கப் பழகிவிட்டால், உலகத்தில் மற்ற எல்லாமே தனக்குச் சுலபம் என்று ஒரு எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. மேசைமேல் மலை, ஆறு, இடிந்த கோட்டை எல்லாம் அமைத்து, நாங்களே வண்ணம் தீட்டிய குட்டி வீரர்களை நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் செய்வோம். போர் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அதற்கான மலையைச் செய்யத்தான் மாதக்கணக்கில் ஆகும். எனக்குப் பிடித்தது மலைதான். படிப்பு முடிந்து அனுமந்தன்பட்டிக்குத் திரும்பி, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்து போட்ட கொடித்தண்டுகளைப் பொறுக்கி வந்து காயவைப்பேன். விரல் நீளத்துக்கு நறுக்கினால் ஒவ்வொன்றும் நூறு வயசு மரம். (அடுப்பெரிக்கப் பொறுக்குகிறேன் என்று நினைத்து அப்பா கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தார்.)

அந்தச் சமயத்தில்தான் பவானி அக்காவுக்குக் கோம்பையில் மாப்பிள்ளை அமைந்தது. அதற்கு முன்பு ஒரு இடம் கூடிவந்து, தட்டு மாற்றும் நேரத்தில் குத்துவிளக்கு அணைந்துபோனதைக் காரணம் காட்டி நின்றுபோயிருந்தது. (ஃபேனை விளக்குக்கு நேராகத் திருப்பி வைத்தது அவர்கள் வீட்டு ஆள்தான். அதை யாரும் பேசவில்லை.) அதன் பிறகு அக்கா சத்தமாகச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் இந்த முறை அப்பா எங்கள் எல்லோரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "குறை சொல்ல ஒரு எடம் வச்சிரக் கூடாது, ஆத்தா. மாப்பிள்ளைக்கு அத்தை ஒருத்தர் இருக்காக. அவுக கண்ணுல ஒண்ணும் பட்டுறக் கூடாது."

வரிசைத் தட்டுகளில் ஒன்றைப் பொம்மை வைத்து அலங்கரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தேனிக் கடையில் சொல்லிவிடலாம் என்றார் அப்பா. அக்காதான் மறித்தாள். "அவ செய்யட்டும்ப்பா. இத்தன வருசமா ராட்சசனுக்கு நகம் வரஞ்சிட்டிருக்கா. ஒரு தடவ மனுசருக்கு வரையட்டும்."

நான் கம்பம் பள்ளத்தாக்கையே தட்டில் ஏற்ற முடிவு செய்தேன். பின்னால் தெர்மாக்கோலில் செதுக்கிய மலை. முன்னால் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய திராட்சைப் பந்தல். நடுவே வாய்க்கால். அதில் தண்ணீருக்குப் பதிலாக ரெசின். இரண்டு திரவங்களை அளவாகக் கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அந்தத் தண்ணீரின் நடுவில் இரண்டு தட்டைக் கற்கள். ஒன்றில் பெண், ஒன்றில் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு என் படைத்தளபதியையே கொடுத்தேன். ஈட்டியை அறுத்து, கவசத்தை ராவி, பட்டு வேட்டி சட்டை போட்டுவிட்டேன். அக்கா முன்பு வில்லாளியாக இருந்தவள். வில்லைப் பிடுங்கிக்கொண்டு பூச்செண்டு கொடுத்தேன். மாப்பிள்ளையின் முகத்தை மொபைலில் இருந்த ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைந்தேன். ஒருவரைச் சின்னதாகச் செய்ய உட்காரும்போதுதான் அவரை முழுசாகப் பார்க்கிறோம் என்று தோன்றியது. சிரிக்கும்போது அவருக்கு இடது கண் கொஞ்சம் சுருங்கும். அதுவும் ஃபோட்டோகிராஃபர் சொல்லிச் சிரித்த சிரிப்பில்லை, வேறு எதையோ நினைத்துச் சிரித்தது. இதை அக்காவிடம் சொன்னேன்.

"நானே இன்னும் அவுகளோட ரெண்டு வார்த்த பேசல. நீ கண்ணு வரைக்கும் போயிட்டயா" என்றாள். ஆனால் மொபைலை வாங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ரெசினைத் தராசில் வைத்து அளக்க வேண்டும். நான் கண்ணால் அளந்தேன். (கண் வரையத் தெரிந்த திமிர்.) மழைக்கால ஈரம் வேறு. நிச்சயத்தன்று காலையில் ஓரத்தில் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. நடுவில் தொட்டால் ரேகை விழுந்துவிடும் என்று தொடவில்லை. இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. அக்கா பிளாஸ்டிக். மாப்பிள்ளை ஈயம்.

உத்தமபாளையத்து மண்டபத்தில் தட்டை மேடைக்கு முன்னால் வைத்தோம். ஆட்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பந்தல் கம்பியில் ஆரம்பித்து விளக்கினேன். அப்போதுதான் கோம்பை அத்தை வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏத்தா, மாப்பிள்ளைக்கு முழங்கால் எங்க?"

குனிந்து பார்த்தேன். காலடிக் கல் அமிழ்ந்துபோய், மாப்பிள்ளை முழங்கால் வரை தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்கப் பார்க்க, முகத்தில் அதே சிரிப்போடு, இன்னும் கொஞ்சம் இறங்கினார். பக்கத்துக் கல்லில் அக்கா சொட்டு நனையாமல் பூச்செண்டோடு நின்றாள்.

"பொண்ணு மேல நிக்குது, எங்க பையன மட்டும் தண்ணிக்குள்ள எறக்கிட்டீகளே. இது என்ன சகுனம்?"

அத்தை சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் முன்வரிசைப் பேச்சு அடங்கிவிட்டது. அப்பா தன்னை அறியாமல் குத்துவிளக்கைத் திரும்பிப் பார்த்தார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மேடையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நாணத்தால் குனிவதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஏதாவது செய்தாக வேண்டும். மாப்பிள்ளையைப் பிடித்து இழுத்தேன். வெல்லப்பாகு மாதிரி நூல் இழுத்துக்கொண்டு வந்தார். வாய்க்கால் கரையில் ஒட்டிவிடலாம் என்று, எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் சூப்பர் குளூவை எடுத்தேன். பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்பட்டது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. நிஜ மாப்பிள்ளை செந்தில், மேடையை விட்டு இறங்கி வந்திருந்தார்.

"இது நானா?"

"ஆமா, மாமா. தலகீழாப் பிடிங்க. கால்ல பசை வைக்கணும்."

பிடித்தார். பசைக் குழாயின் வாய் அடைத்திருந்தது. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். மொத்தமாக வந்தது. தலைகீழாக நிற்கிற ஆளின் காலில் ஊற்றினால் பசை எங்கே போகும் என்பதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. (நான் படித்திருந்தேன்.) வேட்டி வழியாக இறங்கி, மாலையைக் கடந்து, தலையைப் பிடித்திருந்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே போய் நின்றது. அந்தப் பசைக்கு எதைவிடவும் மனிதத் தோலைத்தான் பிடிக்கும்.

அதே நேரம் மேடையிலிருந்து, நல்ல நேரம் முடியப்போகிறது, மாப்பிள்ளையை வரச்சொல்லுங்கள் என்று குரல் வந்தது. இழுத்தால் தோல் உரியும் என்று அவர் காதோடு சொன்னேன். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அழுகாத. ஆருகிட்டயும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு, கையைப் பொத்திக்கொண்டு மேடையேறினார்.

மோதிரத்தை இடது கையால் போடக் கூடாது. வலது கையில் மிச்சமிருந்தது மூன்று விரல்கள். அவற்றை வைத்து மோதிரத்தை இடுக்கி மாதிரி பிடித்தார். ஈய மாப்பிள்ளை, காலை மேலே தூக்கிக்கொண்டு அக்காவின் முகத்துக்கு நேரே ஆடினார். மோதிரம் ஒரு முறை நழுவித் தட்டில் விழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏய்யா செந்திலு, கையில என்னது அது?" என்றார் அத்தை.

மண்டபம் மொத்தமும் அந்தக் கையைப் பார்த்தது. அவர் மறைக்கவில்லை. கையை உயர்த்திக் காட்டினார்.

"நான்தான் அத்தை. முழுகுறதுக்குள்ள தூக்கிட்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் பந்தி வரைக்கும் கேட்டது. அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பில் வாய் கோணியது.

"எங்க வீட்டு ஆம்பளைக தானா எந்திரிச்சு வந்த மொத சம்பவம் இதுதான். போடுய்யா மோதிரத்த."

பிறகு யாரோ கொடுத்த நெயில் பாலிஷ் ரிமூவரால் மாமாவின் விரல்களைப் பிரித்தேன். விரல் பிழைத்தது, முகம் போய்விட்டது. அந்தச் சுருங்கிய இடது கண், மூக்கு எல்லாமே பஞ்சோடு வந்துவிட்டன. திரும்ப வரைந்து தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அக்கா பொம்மையைத் தர மறுக்கிறாள். நான் அத்தனை பெரிதாக்கிப் பார்த்தும் என் கண்ணுக்கு அகப்படாத ஆள் ஒருவர் அந்த மேடையில் இருந்தார். அவரை என்னால் இன்றைக்கும் வரைய முடியாது.

இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கு நிச்சயம் நடந்தாலும், மோதிரம் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்து அத்தையிடம் காட்ட வேண்டும். புதுச் சம்பந்தி வீட்டார் இதை எங்கள் குலவழக்கம் என்று நினைத்துப் பயபக்தியோடு எழுந்து நிற்கிறார்கள். யாரும் காரணம் சொல்வதில்லை. அத்தை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து முடித்துவிட்டு, கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடுவார். நான் தூரத்தில் இருப்பது உறுதியான பிறகுதான் சொல்வார்.

"ஒட்டல. போடச் சொல்லு."